சுவரில் வாழும் நடுகற்கள்



தேனி மாவட்டத்து ஆண்டிப்பட்டி வட்டத்தில், வைகைப் பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர் புலிமான்கோம்பை. அவ்வூரில் 2006ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் அவர்களும் அவர்தம் ஆய்வுக் குழுவினரும் தமிழ் பிராமி எழுத்துகள் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழகத்தில் கிடைத்த நடுகற்களுள் மிகப் பழமையானவற்றில் அவை வைத்து எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் உயிர்நீத்த தீயன் அந்தவன் என்னும் வீரனுக்காக நடப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவன் பெயர் அழியவில்லை. ஆயின் அக்கல்லில் அவனுடைய உருவம் இல்லை.

இனி, இதே மாவட்டத்தின் மேற்கெல்லையில், ஏலமலைச் சரிவின் அடியில் அமைந்த போடியின் பழைய வீடொன்றினுள் நுழைந்து பார்த்தல் தகும். கூடத்துச் சுவரில், உத்தரத்தை ஒட்டிச் சற்றே முன் சாய்ந்தவாறு கண்ணாடிச் சட்டமிட்ட படங்கள் தொங்குகின்றன. நடுவில் தலைப்பாகை அணிந்த ஒரு பெரியவர். அருகில், தண்டட்டி அணிந்து நாற்காலியின் நுனியில் அமர்ந்த ஒரு மூதாட்டி. முகங்கள் தெளிவாக உள்ளன. கண்கள் பார்ப்போரையே நோக்குகின்றன. வீட்டிலுள்ள இளையவரிடம் அவர்கள் யாரென வினவினால், "எங்க தாத்தாவுக்கு அப்பாவா இருக்கும்; அம்மாவுக்குத்தான் தெரியும்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அந்த அம்மாவும் மறைந்தபின் அவ்விடையும் கிடையாது.

கல்லில் பெயர் உண்டு, முகம் இல்லை. சட்டத்தில் முகம் உண்டு, பெயர் இல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே இவ்வுரையின் பொருள்.

அரசர்க்குரியது எளியோர்க்கு வந்த வரலாறு

தன் உருவைப் பின்வருவோர் காண விட்டுச் செல்லுதல் நெடுங்காலம் ஆள்வோர்க்கே உரிய பேறாக இருந்தது. மதுரைப் புதுமண்டபத் தூண்களில் திருமலை நாயக்கரும் அவர்தம் முன்னோரும் சிலைகளாக நிற்கின்றனர். போடி ஜமீன் அரண்மனைச் சுவர்களும் ஓவியம் கண்டவை. அம்மண்டபத்திற்குக் கல் சுமந்தவரின் முகமோ, அவ்வரண்மனைக்கு நெல் அளந்தவரின் முகமோ எங்கும் இல்லை.

1839இல் பாரிசில் தாகேரின் நிழற்பட முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் மதுரைக்கு வந்து கோயிலையும் நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அவர் நாட்டம் கட்டடங்களின் மீதே இருந்தது. தெருவில் நடந்த மனிதர் படத்துள் வந்து சேரப் பின்னும் சில பத்தாண்டுகள் ஆயின. இருபதாம் நூற்றாண்டில் நகரந்தோறும் படப்பிடிப்பு நிலையங்கள் பெருகின. திரைச்சீலையில் தீட்டிய மாளிகையும் பூந்தொட்டியும் பின்னணியாக அமைய, இரவல் கோட்டு அணிந்து உழவரும் வணிகரும் தொழிலாளரும் படம் எடுத்துக்கொண்டனர். அந்த மாளிகை பொய். அவர் முகம் மெய். தமிழக வரலாற்றில் எளியோர் தம் உருவத்தைத் தம் கைப்பொருள் கொடுத்துத் தாமே பதிவு செய்துகொண்ட முதற்காலம் அதுவே எனலாம்.

ஆயினும் ஓர் அச்சம் நெடுநாள் நீடித்தது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று முதியோர் பலர் நம்பினர். அதனால் உயிரோடிருந்த நாளெல்லாம் படமெடுக்க இசையாத தாயை, இறந்தபின் நாற்காலியில் இருத்தி, மாலையிட்டு, பிள்ளைகள் சூழ நின்று எடுத்த படமே பல குடும்பங்களில் எஞ்சியது. இன்று காண்போர்க்கு அது அதிர்ச்சி தரலாம். அக்குடும்பத்தார்க்கோ, ஒரு முகம் அடியோடு மறைந்து போகாமல் காக்கக் கிடைத்த இறுதி வாய்ப்பு அது.

தொல்காப்பியர் நடுகல்லுக்குரிய துறைகளாகக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து ஆகிய ஆறனைக் கூறுவார். தகுந்த கல்லைக் காண்பதுபோல் இருப்பவற்றுள் ஒரு படத்தைத் தேர்கின்றனர். கல்லை நீராட்டுவதுபோல் இருட்டறையில் அப்படமும் நீரில் அலசப்பட்டே உருப்பெற்றது. கல்லை நடுவதுபோல் சுவரில் மாட்டி, பொட்டிட்டு, மாலை சூட்டி, நினைவு நாளில் படையலிட்டு வணங்குகின்றனர். மரபு மாறவில்லை, கல் தாளாயிற்று. ஆறு துறைகளும் நிறைவேற, கல்லில் எழுதப்பெற்ற பெயர் மட்டும் தாளில் எழுதப்பெறாமல் போயிற்று.

ஏலக்காய் சொல்லும் பாடம்

படங்களைக் காக்கும் முறையை இவ்வூரார்க்கு வெளியிலிருந்து எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இயங்கும் ஊர் இது. ஏலக்காயின் பச்சை நிறம் வெயில் பட்டால் வெளிறும், ஈரம் பட்டால் பூசணம் பூக்கும் என்பதைச் சிறுவரும் அறிவர். அதனாலன்றோ உலர்த்திய காயைக் கறுப்புப் பாலிதீன் உறையிட்ட சாக்கில் கட்டி வைக்கின்றனர்!

நிழற்படத்தின் இயல்பும் அத்தகையதே. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம், ஜெலட்டின் என்னும் பசைப்படலத்துள் பதிந்த வெள்ளித் துகள்களால் ஆனது. செவ்வையாகக் கழுவி உலர்த்தப்பட்டிருந்தால் அது நூறாண்டும் நிற்கும். வண்ணப்படமோ சாயங்களால் ஆனது. ஆதலின் 1970களிலும் 80களிலும் எடுத்த திருமணப் படங்கள் பல இன்று செம்மை படர்ந்து மங்கியுள்ளன. பாட்டியின் படம் பளிச்சென்றிருக்க, பேத்தியின் படம் வெளிறிப் போவதன் காரணம் இது. பூசணத்திற்கு அந்த ஜெலட்டினே உணவு. மழையும் மூடுபனியும் ஓயாத மலைத்தோட்டக் குடியிருப்புகளில் படங்கள் விரைந்து கெடுவதும் இதனாலேயே. ஒட்டும் பசைத் தாள் கொண்ட ஆல்பங்களும் படங்களுக்குப் பகையே.

எனவே செய்ய வேண்டுவன சில. வெயில் விழும் சுவரிலும் ஈரம் ஊறும் சுவரிலும் படத்தை மாட்டலாகாது. ஈரத்துணியால் படத்தைத் துடைக்கலாகாது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு வைத்தே படி எடுத்தல் வேண்டும். பின்புறத்தில் மை ஊறும் பேனாவைத் தவிர்த்து, மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதுதல் வேண்டும்.

அழிவும் மீட்பும்

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த நான்கு லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். சுவர்களே இல்லாது போன இடத்தில் சுவரில் தொங்கியவை எங்கே எஞ்சும்? அத்தகைய வேளையில், சமவெளியில் வாழும் அக்காள் வீட்டிலோ மாமன் வீட்டிலோ ஒரு படி இருக்குமாயின், அதுவே அம்முகத்தின் மறுபிறப்பு. ஒரே படத்தைப் பல வீடுகளில் வைத்தல் உறவின் அடையாளம் மட்டுமன்று, காப்பும் ஆகும்.

ஜப்பானில் 2011ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், யமமோட்டோ என்னும் சிற்றூரில் சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட படங்கள் ஏறத்தாழ 7,50,000. தன்னார்வலர் அவற்றைக் கழுவி, உலர்த்தி, உரியவர் தேடி வந்து பெறுமாறு ஒழுங்கு செய்தனர். வீடிழந்தோர் முதலில் தேடியவற்றுள் படமும் ஒன்று. தாளில் அச்சிட்டிருந்ததனாலேயே அவை சேற்றைத் தாண்டியும் கையில் கிடைத்தன.

தமிழகத்திலும் அரும்பணி ஒன்று நடந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்கள் காப்புத் திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழகப் படப்பிடிப்பு நிலையங்களின் படங்களைத் தேடி எண்முறையில் பதிவு செய்தது. ஜோயி ஹெட்லி அம்மையார் இப்பணியை முன்னின்று நடத்தினார். மூடப்பட்ட நிலையங்களின் கண்ணாடித் தகடுகள் கழிவாகிக்கொண்டிருந்த காலத்தில் இப்பணி நடந்தது. உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் இன்று இயங்கவில்லை.

கைப்பேசியில்தான் ஆயிரம் படங்கள் உள்ளனவே எனச் சிலர் வினவக்கூடும். உண்மைதான், படியெடுக்க அதனினும் எளிய கருவி இல்லை. எனினும் கருவி பழுதுபட்டாலும், கடவுச்சொல்லை அறிந்தவர் மறைந்தாலும், ஆயிரமும் ஒருசேர மறையும். மேலும் ஆயிரத்துள் எது வீட்டின் படம் என எவரும் தேர்ந்து வைப்பதில்லை. அச்சிட்ட படம் தேர்வின் விளைவு. அது யாரும் அழைக்காமலே நாள்தோறும் கண்ணில் படும். ஏலத்தோட்டத்துக்கு விடியலில் ஜீப் ஏறும் பெண், வாசலைத் தாண்டுமுன் தன் தாயின் படத்தை ஒருகணம் பார்த்துச் செல்லலாம். பெட்டிக்குள் பூட்டிய நினைவுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

பெயர் எழுதுக!

அன்பர்களே, விழா மலர்களில் குழுப் படத்தின் கீழ், 'அமர்ந்திருப்போர் இடமிருந்து வலம்', 'நிற்போர் இடமிருந்து வலம்' என அச்சிடும் வழக்கம் உண்டு. சலிப்பூட்டும் வரிகள் எனப் பலர் அவற்றைத் தாண்டிச் செல்வர். உண்மையில், தீயன் அந்தவனின் கல் தந்த பெயரையும் படப்பிடிப்பு நிலையம் தந்த முகத்தையும் ஒருங்கே சேர்க்கும் வரிகள் அவைதாம். மலருக்குச் செய்யும் அச்சிறு பணியை வீட்டுச் சுவருக்குச் செய்யாதிருப்பது முறையன்று.

இன்று வீடு திரும்பியதும், சுவரிலிருந்து ஒரு படத்தை மெல்ல இறக்குங்கள். வீட்டில் மூத்தவர் எவரோ அவர் அருகில் அமருங்கள். "இவங்க யாரு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். அதற்கு ஒருநாள் மாலைப்பொழுது போதும். சொல்லத் தெரிந்தவர் இன்னும் எத்தனை மாலைகள் இருப்பார் என்பதே கேள்வி.