அடக்குமுறையின் முன் ஒரு திருச்சபையின் குரல்



கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மேடையில் திருச்சபையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். எழுத்தறிவு பெற்றவர் அநீதியின் முன் வாய் திறவாது இருப்பின், அக்கல்வியால் சமுதாயம் பெறும் பயன் யாது? இதே கேள்வியை எதிர்கொண்ட ஒரு திருச்சபையின் வரலாறு நமக்குப் பாடமாகும்.

1975 ஜூன் 25ஆம் நாள் இரவு நாடெங்கும் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர். பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன. 1976 ஜனவரி 31இல் தமிழக அமைச்சரவை கலைக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில், விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் ஆட்கொணர்வு மனு வழியே விடுதலை கேட்க இயலாது என உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டு நின்றார்.

திருச்சபைத் தலைவர்களுள் பலர் மௌனம் காத்தனர். சிலர் ஆட்சியைப் பாராட்டவும் செய்தனர். பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்துவோர் அரசின் மனக்கசப்புக்கு அஞ்சுவது இயல்பே. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டமும் 1976இல்தான் வந்தது. அத்தகைய வேளையில், கேரளத்து மார்த்தோமா திருச்சபையின் தலைவர் ஜூஹானோன் மார்த்தோமா பேராயர், கைதான தலைவர்களை விடுவிக்கவும் பத்திரிகைச் சுதந்திரத்தை மீட்டளிக்கவும் வேண்டிப் பிரதமர் இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்தவர். தம் சபையின் சலுகைக்காக அவர் எழுதவில்லை; நாட்டு மக்கள் அனைவரின் உரிமைக்காக எழுதினார். அச்சபையைச் சேர்ந்த இறையியல் அறிஞர் எம். எம். தாமஸும் எழுத்தாலும் பேச்சாலும் அடக்குமுறையை எதிர்த்தார். பேராயர் 1976 செப்டம்பரில் மறைந்தார். 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை நீங்கியதைக் காண அவர் இல்லை.

“கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அக்காலத்தில்தானே வந்தது?” என்று நம்மவர் கேட்பதுண்டு. உண்மைதான். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமும், 1976இல் முழுச் சட்டமும் வந்தன. எனினும், அதே காலத்தில் கட்டாயக் கருத்தடைக்கும், தில்லி துர்க்மான் கேட் குடியிருப்பு இடிப்புக்கும் இரையானோர் பெரும்பாலும் ஏழைகளே. மேலிருந்து ஆணையாக வரும் நன்மை, மேலிருந்து வரும் ஆணையாலேயே பறிக்கப்படவும் கூடும். முறையிட உரிமையற்றவனுக்கு எந்த நல்ல சட்டமும் எட்டாக்கனியே.

ஜெர்மனியில் 1934 மே இறுதியில், பார்மன் நகரில் கூடிய 139 சபைப் பிரதிநிதிகள், திருச்சபை இட்லரின் அரசுக்குக் கருவியாகாது என்று அறிக்கை வெளியிட்டனர். அது துணிவான செயல். ஆயினும், கொடுமைக்குள்ளான யூதர்களைப் பற்றி அவ்வறிக்கை ஒரு சொல்லும் கூறவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்றிருப்பது முழுமையான எதிர்ப்பாகாது.

நம் அண்ணாகிராமம் வட்டாரத்திற்கும் இதில் பங்குண்டு. சபைக்குள் ஜாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொள்வதை ஏற்காமல் லைப்சிக் மிஷனைவிட்டு விலகிய கார்ல் ஓக்ஸ், 1860களில் மேல்பட்டாம்பாக்கத்தில் தம் பணியைத் தொடங்கினார். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வரலாறு அங்கிருந்து வளர்ந்தது. அரசின் எதேச்சாதிகாரத்தை எதிர்ப்பவர், தம் சபைக்குள்ளும் தெருவுக்குள்ளும் இருக்கும் எதேச்சாதிகாரத்தை எதிர்க்கக் கடமைப்பட்டவர் என்பதே இதனால் நாம் அறிவது.

அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார்: எத்துணைப் பெரிய தலைவராயினும், அவர் காலடியில் நம் சுதந்திரத்தை வைத்துவிடலாகாது, அரசியலில் பக்தி, சர்வாதிகாரத்திற்கே வழிவகுக்கும்.

இளைஞர்களே! அவ்வெச்சரிக்கை நம் சங்கத்திற்கும் பொருந்தும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்குக் கேட்பவரைப் பகைவராக எண்ணாதிருப்போம். பெண்களும் இளையோரும் தடையின்றிப் பேச இடமளிப்போம். அடுத்த தெருவார்க்குத் தீங்கு நேர்ந்தாலும், மானியம் நின்றுவிடுமோ என்று அஞ்சி வாய் மூடாதிருப்போம். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பித்தோம். இனி அவ்வெழுத்தைப் பிறர்க்காகவும் பயன்படுத்தும் நெஞ்சுரத்தைக் கற்பிப்போம்.