நோய்க்கு மருந்து எது? சிலியின் டாக்டர் அலெண்டே பற்றி ஒரு பேச்சு



பஞ்சுத் தூசியைத் தின்று இருமும் மில் தொழிலாளி ஆஸ்பத்திரிக்குப் போகிறான். டாக்டர் மருந்து எழுதுகிறார். "பால் சாப்பிடு, முட்டை சாப்பிடு, காற்றோட்டமான இடத்தில் படு, ஒரு மாதம் வேலைக்குப் போகாதே" என்கிறார். மருந்தை ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள். பாலையும் முட்டையையும் யார் கொடுப்பது? ஒரு மாதக் கூலியை யார் கொடுப்பது?

இந்தக் கேள்வியை நோயாளி கேட்பது சகஜம். டாக்டரே கேட்டால் என்ன ஆகும்? அப்படிக் கேட்ட ஒரு டாக்டரின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் சால்வடார் அலெண்டே. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைக்கும் பசிபிக் மகாசமுத்திரத்துக்கும் நடுவே, நாடாவைப் போல நீண்டு கிடக்கும் சிலி நாட்டில் 1908-ம் ஆண்டு பிறந்தார். வசதியான குடும்பம்தான். பாட்டனாரும் டாக்டர். பணக்காரர்களின் நாடி பிடித்துக்கொண்டே சௌக்கியமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் வைத்தியக் கல்லூரியில் படிக்கும்போதே ராணுவ சர்வாதிகாரத்தை எதிர்த்தார். சிறைக்குப் போனார்.

படித்து முடித்து வந்தவருக்கு, அரசியல் காரணமாக, ஆஸ்பத்திரிகளின் கதவு திறக்கவில்லை. கடைசியில் வால்பரைசோ துறைமுக நகரில் பிரேதப் பரிசோதனை செய்யும் வேலைதான் கிடைத்தது. ஏழைகளின் உடல்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். காசநோய் அரித்த நுரையீரலைப் பார்த்தார். பட்டினியால் வற்றிய குழந்தைகளைப் பார்த்தார். சாவுக்குக் காரணம் கிருமி என்று எழுதலாம். ஆனால் கிருமிக்கு இடம் கொடுத்தது எது?

1933-ல் சிலி சோஷலிஸ்ட் கட்சி பிறந்தபோது அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1937-ல் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1939-ல், 31-வது வயதில், மக்கள் முன்னணி சர்க்காரில் சுகாதார மந்திரியானார். அதே ஆண்டு சிலி மக்களின் உடல்நலத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, முதல் பிறந்த நாளைப் பார்க்காமலே செத்துக்கொண்டிருந்த காலம் அது.

புத்தகம் என்ன சொல்லிற்று? குறைந்த கூலி, அரை வயிற்றுச் சாப்பாடு, ஒரே அறையில் குடும்பம் முழுவதும் அடைந்து கிடக்கும் குடிசை, இவைதான் நோயின் வேர் என்றது. மருந்துக் கம்பெனிகள் சாதாரண மருந்துக்குப் புதுப் பெயர் சூட்டி விலையை ஏற்றுவதையும் அம்பலப்படுத்தியது. கூலியையும் வீட்டையும் மாற்றாமல் ஆஸ்பத்திரி மட்டும் கட்டினால் நோய் தீராது என்பதே அதன் சாரம்.

செனட்டராக இருந்தபோது, நாடு முழுவதற்குமான தேசிய சுகாதார சேவைக்காக முன்நின்று பாடுபட்டார். 1952-ல் அது சட்டமாயிற்று. அதே ஆண்டு ஜனாதிபதி தேர்தலில் நின்றார், தோற்றார். 1958-ல் தோற்றார். 1964-ல் தோற்றார். மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. சுரங்கம், துறைமுகம், பண்ணை என்று மறுபடியும் நடந்தார். 1970-ல் சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து மக்கள் ஒற்றுமை முன்னணி அமைத்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளராக நின்ற கவிஞர் பாப்லோ நெரூடா அலெண்டேக்காக விலகிக்கொண்டார். செப்டம்பர் 4-ம் தேதி, மும்முனைப் போட்டியில் அலெண்டே முதலிடம் பெற்றார். பதவியேற்பைத் தடுக்கச் சதி நடந்தது. அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்படுவோம் என்று நின்ற படைத் தளபதி ஷ்னைடர் சுடப்பட்டு இறந்தார். ஆயினும் நவம்பர் 3-ம் தேதி டாக்டர் ஜனாதிபதியானார்.

இப்போது அவர் எழுதிய மருந்துச் சீட்டைப் பாருங்கள், தோழர்களே! ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் அரை லிட்டர் பால். அதுதான் பிரசித்தி பெற்ற வாக்குறுதி. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பால் உண்டு. சாண்டியாகோவில் யாரூர் என்ற பெரிய பஞ்சாலை. 1971 ஏப்ரலில் அதன் தொழிலாளர்கள் மில்லைத் தங்கள் கையில் எடுத்தார்கள். சர்க்கார் அவர்கள் பக்கம் நின்றது. பெரும் பண்ணைகள் உடைந்தன. தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக்கு உழைத்தவர்கள் நிலத்தில் உரிமையோடு கால் வைத்தார்கள். 1971 ஜூலை 11-ம் தேதி, அமெரிக்கக் கம்பெனிகளிடம் இருந்த பெரிய தாமிரச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. எதிர்க்கட்சிகளும் சேர்ந்து ஏகமனதாக வாக்களித்தன.

பால் கொடுத்தவரை விட்டுவைப்பார்கள். தாமிரத்தில் கை வைத்தவரை விடுவார்களா? அமெரிக்கக் கடன்கள் நின்றன. உலகச் சந்தையில் தாமிர விலையும் இறங்கியிருந்தது. விலைவாசி ஏறிற்று, கடைகளில் சாமான் மறைந்தது, கியூ நீண்டது. சர்க்காரின் தவறுகளும் இதில் உண்டு. கூட்டணிக்குள் சச்சரவும் உண்டு. 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் நாட்டையே முடக்கினார்கள். வேதனை என்னவென்றால், ஒரு காலத்தில் அலெண்டே தலைவராக இருந்த டாக்டர்கள் சங்கமே அவருக்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. தொழிலாளிகள்தான் ஆலைகளை ஓட்டினார்கள், மூட்டை சுமந்தார்கள், உணவைப் பங்கிட்டார்கள். இத்தனை கஷ்டத்துக்கிடையே 1973 மார்ச் தேர்தலில் முன்னணிக்கு 43 சதவிகிதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. ஓட்டால் இவரை வீழ்த்த முடியாது என்று எதிரிகளுக்குத் தெரிந்துவிட்டது.

1973 செப்டம்பர் 11. ராணுவம் கிளம்பிற்று. ஜனாதிபதி மாளிகை மீது விமானங்கள் குண்டு போட்டன. சரணடையச் சொன்னார்கள், மறுத்தார். மகல்லானஸ் ரேடியோ மூலம் தொழிலாளர்களிடமும் பெண்களிடமும் விடைபெற்றார். எதிரி கையில் சிக்காமல் தன் துப்பாக்கியாலேயே உயிரை விட்டார். 2011-ல் நடந்த மறு பரிசோதனையும் இதை உறுதி செய்தது. அமெரிக்க உளவு ஸ்தாபனம் சிலியில் செய்த வேலைகளை 1975-ல் அமெரிக்க செனட் கமிட்டியே வெளியிட்டது. பினோசேயின் ஆட்சி 1990 வரை நீடித்தது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் 3,000-க்கு மேல்.

அப்படியானால் டாக்டர் தோற்றாரா? நிலத்தில் ஒரு பகுதி பழைய பிரபுக்களிடமே போயிற்று. தேசிய சுகாதார சேவையைக் கலைத்தார்கள். ஆனால் நாட்டுடைமையான பெரிய தாமிரச் சுரங்கங்களைத் திருப்பிக் கொடுக்கப் பினோசேயால் கூட முடியவில்லை. அவை இன்றும் சிலி அரசின் கையில் இருக்கின்றன. நான்கில் ஒரு குழந்தை சாகும் நிலையும் திரும்பவில்லை.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். கூலி உயர்வு கேட்பதும், குடியிருக்க மனை கேட்பதும், ஆலையில் தூசியைக் குறைக்கச் சொல்வதும் வெறும் காசு விவகாரம் அல்ல, உயிர் விவகாரம். அதைத் தனி ஒரு நல்ல டாக்டர் தீர்த்துவிட முடியாது. நல்ல ஜனாதிபதியாலும் முடியாது. பெற்றதைக் காக்கும் பலம் உழைப்பவர்களின் ஒற்றுமையில் இருக்க வேண்டும். அந்தப் பலம் சிலியில் போதவில்லை. நம்மிடம் அது எவ்வளவு இருக்கிறது என்பதை, தோழர்களே, நம் சங்கத்தின் சந்தா நோட்டைப் புரட்டிப் பார்த்து நாமே கணக்கிடுவோம்.