எழுதியவர் உரிமையும் எழுதாத உடன்பாடும்



கவிஞரும் பதிப்பாளரும் ஒருவரையொருவர் நம்பி வாழ்பவர்கள். தமிழில் பல கவிதை நூல்கள் வெளிவந்ததற்கு அந்த நம்பிக்கையே முதலீடு. ஆனால் அதே நம்பிக்கை, உடன்பாட்டை எழுதிவைக்கும் வழக்கத்தைத் தளரச் செய்தும் விட்டது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடப்பட்ட பேச்சு, இருவரும் மறைந்த பின் அவர்தம் பிள்ளைகளிடையே வழக்காக எழக்கூடும். ஆதலின், எழுத்தின் உரிமை யாது என்பதை எழுதுவோர் அறிதல் வேண்டும். பதிப்பைத் தொழிலாகக் கொண்டோரும் அறிதல் வேண்டும்.

இதற்குப் பாரதியின் பாடல்களே தக்க சான்று. பாரதி 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். பின்னர் அவருடைய நூல்களை அச்சிடும் உரிமை அவர் தம்பி சி. விசுவநாதனிடம் சேர்ந்தது. பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமையோ தனியே பிரிந்து வணிகர் ஒருவரிடம் சென்றது. அவரிடமிருந்து அதனைப் பட அதிபர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் விலைகொடுத்துப் பெற்றார். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தன. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. மக்கள் தமதென்று பாடிய பாட்டுக்கு ஒருவர் உரிமையாளராய் இருப்பதா என்ற கேள்வி பிறந்தது. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக்காக முயன்றனர். 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை அரசு அவ்வுரிமைகளை ஏற்றது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை விலை பெறாமலே வழங்கினார்.

இவ்வரலாற்றை நாட்டுடைமையின் பெருமையாகவே பேசி வருகிறோம். அதில் மற்றொரு செய்தியும் உண்டு. ஒரு பாட்டின் உரிமை ஒன்றன்று, பல. அச்சிடுதல், ஒலிப்பதிவு, திரைப்படம், மொழிபெயர்ப்பு ஆகிய ஒவ்வொன்றும் தனி உரிமை. தனித்தனியே விற்கவும் வாங்கவும் கூடியவை. அச்சு ஒருவரிடமும் ஒலி மற்றொருவரிடமும் இருந்தமையே அன்றைய சிக்கலின் வேர்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி கவிதை எழுதி முடிந்த அளவிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தல் கட்டாயமன்று. எழுதியவர் வாழும் காலமும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நிற்கும். முன்னர் 50 ஆண்டுகளாய் இருந்தது 1992இல் 60 ஆக்கப்பட்டது.

உரிமையைப் பிறருக்கு மாற்றித் தருவதற்கு எழுத்து மூலமான, கையொப்பமிட்ட ஆவணம் வேண்டும். வாய்ச்சொல்லால் பதிப்புரிமை கைமாறுவதில்லை. எந்த நூல், எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பன அதில் இடம்பெற வேண்டும். கால அளவு கூறப்படாவிடில் அது 5 ஆண்டு எனவும், நிலப்பரப்பு கூறப்படாவிடில் இந்தியா மட்டும் எனவும் சட்டம் கொள்ளும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிடில், வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, அது காலாவதியாகும். கையெழுத்துப் படியை வாங்கி அலமாரியில் உறங்க வைக்கும் பதிப்பாளரும், அதனால் மனம் நொந்த கவிஞரும் ஒருசேர நினைவிற்கொள்ளத் தக்க விதி இது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒரு காப்பு அளித்தது. உரிமை மாற்றிய நாளில் தோன்றாத, அல்லது வணிக வழக்கிற்கு வராத ஊடகம் எதற்கும், ஆவணத்தில் பெயர் சுட்டிக் கூறினாலன்றி, அம்மாற்றம் பொருந்தாது. ஆனால் மின்னூலும் ஒலிநூலும் இன்று வழக்கில் உள்ளவை. அவற்றைப் பற்றி வாய்திறவாமல் 'அனைத்து உரிமையும்' என்று ஒரே தொடரில் எழுதிக் கையொப்பமிடுவது, பின்னர் வரும் பூசலுக்கு இன்றே வித்திடுவதாகும்.

விலைக்கு விற்றபின்னும் எழுதியவரிடம் எஞ்சுவது ஒன்று உண்டு. தம் பெயர் தம் படைப்பில் இருக்க வேண்டும் என்பதும், தம் மதிப்புக்குக் கேடு வரும்படி அதனைச் சிதைத்தலாகாது என்பதும் அவருடைய தனியுரிமை. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தம் புதினம் படமாக்கப்பட்ட முறையை எதிர்த்து வழக்காடியபோது, 1986இல் தில்லி உயர்நீதிமன்றம் இத்தனியுரிமையின் வலிமையை எடுத்துரைத்தது.

பதிப்பகம் நடத்துவோர்க்குரிய செய்தி வேறு. நூலின் தலைப்புக்கு மட்டும் பதிப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. ஆனால் பதிப்பகத்தின் பெயரும் சின்னமும் வணிகக் குறியாகக் காக்கத் தக்கவை. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின்படி பதிவு 10 ஆண்டு நிற்கும். மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். இணையத்தில் கொள்ளும் முகவரிப் பெயரும் வணிகக் குறியைப் போன்றே காக்கப்படும் என்பது 2004இல் சத்தியம் இன்போவே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பல்லாண்டு உழைத்து ஈட்டிய பெயரை, இணையத்தில் வேறொருவர் முந்திக்கொண்ட பின் வருந்துவதைவிட முன்னரே பதிந்துகொள்ளுதல் நன்று.

நூல் முழுவதும் எவராலோ படியெடுக்கப்பட்டு இணையத்தில் இலவசமாய் உலவினால் செய்யத் தக்கதும் உண்டு. உரிமையாளர் எழுத்து மூலம் முறையிட்டால், அதனைச் சேமித்துத் தரும் நிறுவனம் 36 மணி நேரத்திற்குள் நடவடிக்கை எடுத்து, 21 நாள்கள் அணுகலைத் தடுத்து வைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை பெறாவிடில் தடை நீங்கிவிடலாம். அவ்வாறு முறையிடுவோரிடம் உரிமையைக் காட்டும் தாள் இருக்க வேண்டுமன்றோ? எழுதாத உடன்பாட்டின் இழப்பு அந்நாளில்தான் தெரியும்.

சட்டம் பகைமை வளர்ப்பது என்பது தவறான எண்ணம். திறனாய்வுக்காகப் பிறர் வரிகளை நேர்மையாய் எடுத்தாள அச்சட்டமே இடமளிக்கிறது. பாட்டை அடைத்து வைப்பது அதன் நோக்கமன்று. பாட்டால் வரும் பயன் பாடியவரையும் சேர வேண்டும் என்பதே.

பத்தாண்டு நிறைவு காணும் இம்மன்றம், தொகை நூல் வெளியிடும்தோறும் கவிஞர் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்க உடன்பாடு பெறுவதை மரபாக்கலாம். அச்சு, மின்னூல், ஒலி ஆகிய மூன்றையும் தனித்தனி வரியில் குறித்து, கால அளவும் ராயல்டியும் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டால் போதும். வாரிசுகளுக்கு நூலோடு அத்தாளும் சேரட்டும்.