தொழிற்கல்வியும் பொறுப்பேற்பவரும்

(ஆர்.கே.புரத்தில் சங்க ஆண்டு விழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைகளின் நாடகம் காத்திருப்பதால் நான் நெடுநேரம் பேசப்போவதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்கும் துறையில் கத்தோலிக்கத் துறவிகள் கண்ட வழியொன்றை எடுத்துரைத்து, அது நம் குடியிருப்புக்கு எவ்வாறு பொருந்தும் என்பதையும் கூறி அமர்வேன்.

தொழிற்கல்வி என்றவுடன் அது வேறு யாருடைய பிள்ளைக்கோ உரியது என்று எண்ணுவது நம் வழக்கமாகிவிட்டது. நம் பிள்ளை கல்லூரிக்குச் செல்ல வேண்டும். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளின் பிள்ளை வேண்டுமானால் திருப்புளி பிடிக்கட்டும்! ஆனால் தில்லித் தமிழர்களாகிய நம்முள் பலருடைய பெற்றோரும் பாட்டனாரும் எதை நம்பி இத்தலைநகருக்கு வந்தார்கள்? கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் பாலக்காட்டிலும் மாடியறைகளில் நடந்த தட்டெழுத்துப் பயிலகங்களில் விரல் நோகப் பழகி, லோயரும் ஹையரும் தேறி, சுருக்கெழுத்தும் கற்று, அச்சான்றிதழை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டல்லவா கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறினார்கள்? விரல்களால் செய்யும் தொழில் கைத்தொழில் அன்றோ?

இன்னொன்றும் உண்டு. ரயிலைவிட்டு இறங்கிய அவ்விளைஞனுக்குக் கரோல் பாக்கிலோ லோதி காலனியிலோ படுக்க இடங்கொடுத்த ஒரு மாமா இருந்தார். "நல்ல பையன், நான் பொறுப்பு" என்று அலுவலகத்தில் சொல்ல ஒருவர் இருந்தார். சான்றிதழ் பாதி, பொறுப்பேற்றவர் பாதி. அந்த மறுபாதியைப் பற்றிப் பேசவே வந்தேன்.

இத்தாலியின் வடபால் உள்ள பீட்மான்ட் நாட்டில், எளிய உழவர் குடியில் 1815-இல் பிறந்தவர் ஜான் போஸ்கோ. இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தவர். தையற்கடையிலும் சிற்றுண்டிச் சாலையிலும் உழைத்துப் படித்தவர். 1841-இல் குருப்பட்டம் பெற்று அவர் தூரின் நகரில் பணி தொடங்கியபோது, மலைநாட்டுச் சிற்றூர்களிலிருந்து சிறுவர் பலர் அங்கு வந்து, கொத்தனாருக்குச் சிற்றாளாகவும் புகைபோக்கி துடைப்பவராகவும் பிழைத்துக்கொண்டிருந்தனர். நகரச் சிறைகளிலோ பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுடைய பிள்ளைகள் அடைபட்டிருந்தனர். விடுதலையானவர் மீண்டும் உள்ளே வருவதைக் கண்டு அவர் காரணம் தேடினார். வெளியே அவர்களை ஏற்றுக்கொள்ள ஒருவரும் இல்லை என்பதே அவர் கண்ட காரணம்.

ஞாயிறுகளில் அவர்களைக் கூட்டி வைத்து விளையாட்டும் கல்வியும் ஞான உபதேசமும் அளித்தார். வார நாட்களில் அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கே சென்று விசாரித்தார். பின்னர் அவர் செய்த செயலே என்னை மிகவும் கவர்ந்தது. முதலாளியோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்யத் தொடங்கினார்! 1852 பிப்ரவரியில் பெர்த்தொலினோ என்னும் தச்சருக்கும் ஒடாஸ்ஸோ என்னும் சிறுவனுக்கும் இடையே, சிறுவனின் தந்தையும் போஸ்கோ அடிகளும் உடனிருக்க எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. தச்சர் தம் தொழிலை இரண்டு ஆண்டுகளில் முறையாகக் கற்பிக்க வேண்டும். பையன் தவறினால் வாய்ச்சொல்லால் மட்டுமே திருத்தலாம். தொழிலுக்குப் புறம்பான எடுபிடி வேலை வாங்கலாகாது. ஞாயிறும் திருநாளும் அவனுக்கே உரியவை. ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை உண்டு. காலத்துக்கேற்பக் கூலி உயர வேண்டும். இன்று நம் ஊர்ப் பழுதுபார்க்கும் கடைகளில் கார் கழுவவும் தேநீர் வாங்கி வரவும் பழகி, ஓராண்டு கழிந்தும் என்ஜினைத் தொட்டறியாத சிறுவர்களைக் கண்டவர்களுக்கு இந்த நிபந்தனைகளின் அருமை விளங்கும்.

நம் நாட்டிலும் அநாதைகளும் ஏழைப் பிள்ளைகளும் தொழில் கற்பதற்கென 1850-இலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1961-இல் புதிய பயிற்சியாளர் சட்டம் வந்தது. சட்டம் தாளில் இருக்கும். கடை வாசலுக்குச் சென்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டாமா?

வெளிக்கடைகளில் விடுவது போதாதெனக் கண்ட போஸ்கோ, 1853-இல் தம் இல்லத்திலேயே செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் பட்டறைகள் அமைத்தார். புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சு, இரும்பு வேலை ஆகியவை 1862-க்குள் சேர்ந்தன. அவர் நிறுவிய சலேசிய சபையினர் இந்தியாவில் முதன்முதல் பணி தொடங்கிய ஊர் நம் தஞ்சாவூர். 1906 ஜனவரியில் தொமாட்டிஸ் அடிகள் தலைமையில் வந்தவர்கள் அங்கு ஆதரவற்ற சிறுவர்களின் இல்லத்தை ஏற்று நடத்தினர். பெண்களுக்கென 1872-இல் தோன்றிய அவர்களது சகோதரிகள் சபையும் 1922-இல் தஞ்சைக்கே வந்தது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் "சிகா" என்று அச்சுத் தொழிலாளர் அறிந்த சலேசிய அச்சுக்கலை நிலையம் இருக்கிறது. ஈய எழுத்துக் கோக்கும் தொழில் மறைந்து, ஆப்செட்டும் கணிப்பொறியும் வந்தபோது அது பாடத்தையும் மாற்றிக்கொண்டது. தட்டெழுத்துப் பொறி அலுவலகத்தை விட்டு அகன்றதைக் கண்ட நமக்கு இது புதிதன்று.

தில்லியில் ஓக்லா சாலையில், ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு எதிரே, டான் பாஸ்கோ தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. அங்கு எச்சமயத்துப் பிள்ளையும் சேரலாம். அரசாங்கத்தின் ஐ.டி.ஐ.களும் உள்ளன, தீர்ப்பூரில் இருப்பது நம் சர் சி. வி. ராமனின் பெயரையே தாங்கியது. பதினான்கு வயது நிரம்பியிருந்தால் ஐ.டி.ஐ.யில் சேரலாம். வெல்டர் பயிற்சிக்கு எட்டாம் வகுப்பும் ஓராண்டுக் காலமும் போதும். எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இரண்டு ஆண்டுகளும் வேண்டும். இந்நாளில் மூன்று மாதப் பயிற்சிகள் பெருகியுள்ளன. அவசரத்துக்கு அவை உதவலாம். ஆயினும் ஆயுள் முழுதும் சோறு போடும் தொழில் மூன்று மாதத்தில் கைக்கு வருவதில்லை என்பது என் கருத்து.

2025 ஜூன் முதல் நாள், ஜங்புரா அருகே பாரபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. சுற்றுவட்டார வீடுகளில் வேலை செய்து பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு வாழ்ந்தன. தகுதியுடையவை எனக் கொள்ளப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு கிடைத்தது. மற்றவர்கள் வாடகைக்கு இடம் தேடி அலைந்தார்கள். வீடு மாறும்போது பள்ளி நழுவுகிறது. பள்ளி நழுவினால் பதினைந்து வயதுப் பையன் கிடைத்த கூலிக்குப் போகிறான்.

அப்பிள்ளையைத் தொழிற்பயிற்சியில் சேர்க்கத் தடையாய் நிற்பவை என்னென்ன? மாற்றுச் சான்றிதழ், முகவரிச் சான்று, இந்தியிலோ ஆங்கிலத்திலோ நிரப்ப வேண்டிய விண்ணப்பம், பேருந்துச் செலவு, முதல் இரண்டு மாதச் சம்பளமில்லாக் காலம். மூன்றாம் மாதம் "எனக்கு இது வராது" என்று அவன் சோர்ந்து உட்காரும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற செக்‌ஷன் அதிகாரிகள் இத்தனைபேர் அமர்ந்திருக்கும் இந்த அவையில், விண்ணப்பம் நிரப்புவதும் அலுவலகத்தில் காகிதத்தை நகர்த்துவதும் யாருக்குத் தெரியாது? சங்கம் பட்டறை கட்ட வேண்டியதில்லை. அதற்கு நம்மிடம் நிலமும் இல்லை. ஒரு குடும்பம் ஒரு பிள்ளைக்குப் பொறுப்பேற்று, பயிற்சிக் காலம் முழுதும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை அவனைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

வெளியே செல்லும் வழியில் செயலாளரின் மேசைமேல் ஒரு குறிப்பேடு வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வேலைக்கு வரும் அம்மாளுக்குப் படிப்பை விட்ட பிள்ளையோ பெண்ணோ இருந்தால், அந்தத் தாயின் சம்மதத்தைப் பெற்று, பெயர், வயது, படித்த வகுப்பு ஆகிய மூன்றையும் அதில் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் உங்கள் பெயரையும் எழுதுங்கள்.