சும்மா வேலையா இது?



பாடசாலையில் பிள்ளைகளிடம் அம்மாவின் தொழிலை எழுதச் சொன்னோம். பலர் "கூலி" என்று எழுதினார்கள். சிலர் அந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? யாராவது கேட்டால் நாமும் "சும்மா தோட்டத்தில்தான்" என்றுதானே சொல்கிறோம்?

மழையிலும் அட்டைக்கடியிலும் செங்குத்து மலையேறி, முற்றல் சேராமல், கசங்காமல், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து எடுப்பது சும்மா வேலையா? சிலோன் தேயிலையின் பெயர் இந்தக் கைகளில்தான் தொடங்குகிறது. "கூலி" என்பது 1889ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெள்ளைக்காரன் எழுதிய பெயர். அதை நாம் ஏன் இன்னும் சுமக்க வேண்டும்?

கூலி என்று நம்மை நாமே நினைத்தால், மடுவத்தில் சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கிலோ கழிக்கும்போது தலைகுனிந்து போகிறோம். அந்தக் கோபத்தை லயத்தில் பிள்ளைகள் மேல் காட்டுகிறோம். தொழில் தெரிந்த தொழிலாளி என்று நினைத்தால், தராசைக் காட்டச் சொல்கிறோம். சேமலாப நிதிக் கணக்கைக் கேட்கிறோம். மரியாதை மட்டும் அடுப்பெரிக்காது, உண்மைதான். ஆனால் சம்பளத்தை நிமிர்ந்து கேட்க அது வேண்டும்.

இனிப் பிள்ளை படிவம் கொண்டுவந்தால் "தேயிலைத் தொழிலாளி" என்று எழுதிக் கொடுப்போம். பெரட்டுக்களத்திலும் அதே பெயரோடு நிற்போம்.