கட்டிக்கு முன்பே தெரியும் தடயம்

(பெங்களூரில் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தியப் பெண்களை இன்று மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். பீனியாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆயத்த ஆடை தைக்கும் பெண் தொழிலாளி, பெரும்பாலும் கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகே மருத்துவரிடம் செல்கிறார். நோயோ அதற்கு முன்பே தடயம் காட்டியிருக்கக்கூடும்.

பால் நாளத்தின் உட்சுவர்ச் செல்கள் புற்றுச் செல்களாகிப் பெருகியும், நாளத்தின் எல்லையைத் தாண்டாது நிற்கும் தொடக்க நிலை ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதனை ‘டிசிஐஎஸ்’ என்பர். தீவிர வகையில், நாளத்தின் நடுவிலுள்ள செல்கள் ஆக்சிஜன் கிட்டாமல் மடிகின்றன. மடிந்தவற்றின் மேல் கால்சியம் படிகிறது. அரை மில்லிமீட்டருக்கும் சிறிய இத்துகள்களைக் கை உணராது. மேமோகிராம் வெண்புள்ளிகளாகக் காட்டும். 1913இல் பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து இப்புள்ளிகளை முதன்முதலில் பதிவு செய்தார். யூதரான அவரைப் பின்னர் நாஜிகள் வதைமுகாமில் அடைத்தனர்.

அச்சம் வேண்டியதில்லை. கால்சியம் படிவுகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. மெல்லிய கோடாகவும் கிளைவிட்டும் நாளத்தின் வழியே செல்பவையே மிகுந்த ஐயத்திற்குரியவை. படம் மட்டும் தீர்ப்பாகாது. ஊசியால் எடுத்த திசுவையும் எக்ஸ்ரே எடுத்து, துகள் அதில் வந்துள்ளதா என உறுதி செய்ய வேண்டும். நோயியல் நிபுணர் அதே துகளை நுண்ணோக்கியில் காண வேண்டும். காணாவிடில் திசுவை மேலும் சீவிப் பார்க்க வேண்டும். படமும் திசுவும் பொருந்தாதவரை ‘புற்றுநோய் இல்லை’ என்ற அறிக்கை முழுமையாகாது.

அரசுத் திட்டமோ, 30 வயதைக் கடந்த பெண்களுக்குச் சுகாதார ஊழியர் கையால் செய்யும் பரிசோதனையோடு நிற்கிறது. அது பயனற்றதன்று. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், இப்பரிசோதனை 50 வயதைக் கடந்தோரிடையே மார்பகப் புற்றுநோய் மரணங்களை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது. ஆயினும், துகளைக் கை கண்டறியாது.

தெருவெங்கும் இயந்திரம் நிறுத்துவதும் தீர்வல்ல. எல்லா டிசிஐஎஸ்ஸும் ஊடுருவும் புற்றுநோயாக மாறுவதில்லை; தேவையற்ற அறுவையும் பெண்ணுக்கு இழப்பே. ஐயத்திற்குரிய படிவைக் கண்டறிந்து, திசுவால் உறுதி செய்து, சிகிச்சைவரை கொண்டு செல்லும் முழுமையான பொதுச் சங்கிலியே தேவை.

பெங்களூரில் 1973இல் தொடங்கப்பட்ட கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை மீது கர்நாடகம் முழுவதன் சுமையும் விழுகிறது. 21,000 ரூபாய்வரை ஊதியம் பெறும் தொழிலாளர்கள் இஎஸ்ஐக்குச் சந்தா செலுத்துகின்றனர். ஆகவே, இஎஸ்ஐ மருத்துவமனைகளிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும் மேமோகிராம், பட வழிகாட்டலுடன் பயாப்சி, நிரந்தரப் பணியிடத்தில் நோயியல் நிபுணர் ஆகியவை வேண்டும். படத்திற்கு ஒரு நாள், பயாப்சிக்கு ஒரு நாள், முடிவுக்கு ஒரு நாள் எனக் கூலியை இழக்க நேர்ந்தால் எந்தத் தொழிலாளியும் பாதியிலேயே நின்றுவிடுவார். எனவே ஊதியத்துடன் கூடிய விடுப்பும் வேண்டும்.

தொழிற்சங்கமும் மாதர் அமைப்பும் இக்கோரிக்கைகளை ஆலை வாயில்களுக்குக் கொண்டு செல்ல வேண்டும். உழைக்கும் பெண்ணின் உயிர், கட்டி வளரும்வரை காத்திருக்கக் கூடாது.