சாவியைக் கேட்கிறேன்



சென்னை வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் பாய் விரித்துத் தூங்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு ஆண்டு பாடம் சொன்னவள் நான். அவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

ஒரு மழைக்காலம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வெறுங்கையோடு வந்து நின்றாள். "பை எங்கேடி?" என்றேன். "லாரில அள்ளிட்டுப் போயிட்டாங்க டீச்சர்." நடைபாதையைக் காலி செய்ய வந்தவர்கள் அடுப்பு, பாய், சட்டியோடு பையையும் ஏற்றிவிட்டார்கள். புத்தகம் போனால் வேறு வாங்கலாம். பிறப்புச் சான்றிதழும் ரேஷன் அட்டையும் அந்தப் பைக்குள்தான் இருந்தன. நனையாத இடம் அது ஒன்றுதான் என்று அவள் அம்மா பாலித்தீன் கவரில் சுற்றி வைத்திருந்தாள்.

ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி. சான்றிதழ் இல்லாமல் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை, ஐயா! வயதுச் சான்று இல்லையென்று மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்க வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. ஆனால் தலைமையாசிரியர் அறையில் நின்று சட்டம் பேச அந்தத் தாயால் முடியுமா? நான் கூடப் போனேன். அரைமணி நேரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கூட ஓர் ஆள் போனதுதான் வித்தியாசம்.

வீடு கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்பார்கள். வீடு கட்டாயம் வேண்டும். ஆனால் 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்களைப் படிப்பாண்டின் நடுவிலேயே பெரும்பாக்கத்தில் ஒதுக்கிய வீடுகளுக்கு அனுப்பினார்கள். நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். முழுப் பரீட்சை முடியும்வரை அந்தப் பிள்ளைகள் பழைய பள்ளிக்கு வந்துபோக ஒரு பஸ் விட்டிருக்கக் கூடாதா?

2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் சின்னப் பிள்ளைகளின் காலைப் பசியைத் தீர்த்தது. மனமார வாழ்த்துகிறேன். மாலைப் பொழுது அப்படியே கிடக்கிறது. பள்ளி பூட்டியதும் நடைபாதைப் பிள்ளைகளுக்குத் தெருவிளக்குதான். வயதுக்கு வந்த பெண்ணுக்குத் துணி மாற்ற ஒரு மறைப்புக்கூட இல்லை.

நாம் கூடியிருக்கும் இந்த மன்றத்தின் கீழ்த்தளத்தில் விளக்கு இருக்கிறது, குழாய் இருக்கிறது, தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை இருக்கிறது. வார நாட்களில் மாலையெல்லாம் பூட்டியே கிடக்கிறது. நிர்வாகிகள் முன்வரிசையில்தான் இருக்கிறீர்கள். உங்களிடம் சாவியைக் கேட்கிறேன். பைகளையும் சான்றிதழ்களையும் பூட்டி வைக்க என் வீட்டு இரும்பு பீரோவைத் தருகிறேன். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு நானே வந்து திறக்கிறேன்.